பழவேற்காடு ஏரிக்கரையில் வழிகாட்டியோடு நடக்க: முதல்முறை போகிறவர்களுக்கு

பழவேற்காடு ஏரியை நடந்து பார்க்க வேண்டும் என்று நான் மூன்று முறை கிளம்பினேன். முதல் முறை பணம் போனது. இரண்டாம் முறை ஊரெல்லாம் தண்ணீர், பறவைகளைக் காணோம். மூன்றாம் முறைதான் பிப்ரவரி மாதத்து ஒரு காலையில், கண்ணுக்கு எட்டிய தூரம் சேறும் நீரும் பூநாரைகளுமாக (பிளமிங்கோ) அந்த ஏரியைப் பார்த்தேன். நடுவில் நான் பட்ட அலைச்சல் எல்லாமே யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. அதனால் இதை எழுதுகிறேன்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் ஆயத்தத்துக்கு மட்டும் குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

1. எந்தக் கரை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'பழவேற்காடு போகிறோம்' என்று சொன்னால் அது மூன்று வெவ்வேறு பயணங்களைக் குறிக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் கிளம்புவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

பழவேற்காடு ஊர்ப்பக்கம் போனால் மீன் சந்தை, கலங்கரை விளக்கம், முகத்துவாரம் எல்லாம் பார்க்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம். அமைதியாக நடக்க அது இடமில்லை. முகத்துவாரத்தில் இழுப்பு பலமாக இருக்கும், அங்கே குளிக்க இறங்கவே இறங்காதீர்கள்.

ஏரியின் மேற்குக் கரையில், ஊருக்கு வடமேற்கே அண்ணாமலைச்சேரி இருக்கிறது. சின்ன மீனவ ஊர். ஊரைத் தாண்டியதும் சேற்றுப் பரப்பு விரிகிறது. நடக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கரையைத்தான். கீழே சொல்வதெல்லாம் இதை மனத்தில் வைத்துத்தான்.

மூன்றாவது, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை. இருபுறமும் ஏரி. சாலையோரம் நின்றபடியே பூநாரை பார்க்கலாம், வயதானவர்களுக்கு ஏற்றது. பக்கத்திலேயே கூழைக்கடாக்கள் (பெலிகன்) கூடு கட்டும் நேலப்பட்டு சரணாலயமும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஆந்திர வனத்துறைதான் பொறுப்பு. தமிழ்நாட்டில் வாங்கிய அனுமதி அங்கே செல்லாது. விண்வெளி மையத்தின் வாயிலுக்கு அப்பால் பொதுமக்களை விடவும் மாட்டார்கள்.

2. தேதியைக் காலண்டரில் தேடாதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள்

'நவம்பர் முதல் மார்ச் வரை சீசன்' என்று எங்கும் எழுதியிருப்பார்கள். நானும் அதை நம்பி நவம்பர் கடைசியில் போனேன். அதற்கு முந்தைய வாரம்தான் நல்ல மழை. ஆரணி ஆறும் காலங்கி ஆறும் கொண்டுவந்து கொட்டியதில் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. வெகு தூரத்தில் புள்ளி புள்ளியாக ஊசிவால் வாத்துகள். அவ்வளவுதான். நடக்கக் கரையே இல்லை.

காரணம் எளிது. பூநாரை நீருக்குள் நின்று, கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து இரை அரிக்கும் பறவை. காலூன்றி நடக்கும் ஆழம் வேண்டும். தண்ணீர் ஏறினால் ஆழம் குறைந்த வேறு இடங்களுக்குக் கலைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் வடிய வடிய மறுபடி கூடும். ஆகவே சராசரியான மழை ஆண்டில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் இது முன்னால் வரும், கொட்டித் தீர்த்த ஆண்டில் பின்னால் போகும்.

எங்கள் வழிகாட்டி ஒரு மீனவர், அறுபதை நெருங்கும் வயது. அவரிடம் தொலைபேசியில் கேட்கக் கற்றுக்கொண்டது ஒரே கேள்வி: "அண்ணே, தண்ணி எவ்ளோ நிக்குது?" அவர் உடம்பை வைத்துத்தான் பதில் சொல்வார். "இடுப்பளவு இருக்கும்மா, இப்ப வேணாம்." இரண்டு வாரம் கழித்து, "தொடைக்கு வந்திருக்கு." அப்புறம் ஒரு நாள் அவரே கூப்பிட்டார்: "முட்டிக்குக் கீழ எறங்கிடுச்சு. இந்த ஞாயித்துக்கிழமை விட்டா அடுத்த ஞாயிறு. அதுக்கு மேல தள்ளாதீங்க." அந்தப் பதிலுக்காகக் காத்திருங்கள். அதற்கு முன் விடுமுறை எழுதிக் கொடுக்க வேண்டாம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: காணும் பொங்கல், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள், புயல் எச்சரிக்கை இருக்கும் நாள். ராக்கெட் ஏவும் நாளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரளும், பாதுகாப்புக் கெடுபிடியும் இருக்கும். ஏவும் தேதி முன்னதாகவே செய்தியில் வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வழிகாட்டியைப் பிடிப்பது

பணம் ஏமாறுவது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் முறை நான் சேர்ந்தது இணையத்தில் பார்த்த ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம். ஆளுக்கு 2,200 ரூபாய், அதில் 1,000 முன்பணம். படகில் ஏரி நடுவே போவோம், தீவில் இறங்குவோம், அங்கேயே நண்டு வறுவல் என்றார்கள். விடியற்காலை கரையில் போய் நின்றால், படகு எடுக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்பாட்டாளரின் ஆள் 'கடைசி நேரத்தில் தடை வந்துவிட்டது' என்றார். முன்பணம் இன்றுவரை திரும்பவில்லை.

தடை கடைசி நேரத்தில் வந்ததல்ல. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை. மீன்பிடிப் படகு மீன் பிடிக்கத்தான். ஆகவே 'படகுச் சவாரி உண்டு' என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தாலே அந்த ஆளை விட்டுவிடுங்கள். கரையில் யாராவது "ஒரு ரவுண்டு போய் வரலாம், வாங்க" என்று கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். உயிர்க்காப்பு உடை தருகிறோம் என்று சொன்னாலும் சரி.

நம்பிப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, சென்னையில் இயற்கை ஆர்வலர்கள் நடத்தும் அமைப்புகளின் நடைகள். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது, தி நேச்சர் டிரஸ்ட் இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பறவை பார்ப்பவர்கள் உடன் வருவார்கள். தெரியாததைக் கேட்டால் பொறுமையாகச் சொல்லுவார்கள். ஒரே சிக்கல், இவர்கள் பழவேற்காட்டுக்கு வாராவாரம் போவதில்லை. அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுத்துவிட வேண்டும். புதியவர்களுக்கு முதல் நடை இவர்களோடு அமைந்தால் அதைவிட நல்லது வேறில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது, ஏரிக்கரை ஊர்க்காரர் ஒருவரைப் பேசி அழைத்துப் போவது. அவருக்குச் சேறு தெரியும், வலை எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியும், எந்தத் திட்டில் பறவை நேற்று இறங்கியது என்று தெரியும். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வனத்துறை அலுவலகத்துக்குக் கடிதம் கொடுக்கப் போகும்போது அங்கேயே கேளுங்கள். இல்லையென்றால் முன்பு போய்வந்த பறவை நோக்கர்களைக் கேளுங்கள். பேசும்போது இவற்றை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? சேற்றில் எவ்வளவு, கெட்டித் தரையில் எவ்வளவு? ஒருவருக்கு முடியாமல் போனால் பாதியில் திரும்ப வழி உண்டா? வனத்துறைக்குத் தெரிந்துதான் அழைத்துப் போகிறாரா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த ஏற்பாடு வேண்டாம்.

ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேர், மிஞ்சிப்போனால் எட்டு. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பறவைகள் பார்ப்பது நம்மை, நாம் பார்ப்பது அவற்றின் முதுகை.

4. அனுமதியும் காகிதங்களும்

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். 27, 28ஆம் பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. ஊர்ச் சாலையில் நின்று பார்ப்பது ஒன்று, சேற்றுப் பரப்புக்குள் இறங்கி நடப்பது வேறொன்று. 'எல்லாரும் போறாங்க, யாரும் கேக்க மாட்டாங்க' என்று சொல்வார்கள். கேட்டுவிட்டால் அவதி உங்களுக்கு மட்டும் இல்லை, உங்களை அழைத்துப் போன ஊர்க்காரருக்கும்தான். அவர் அங்கேயே வாழ வேண்டியவர்.

சரணாலயத்துக்குரிய வனச்சரக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். என்ன நோக்கம், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த ஊரில் இறங்கி எங்கே திரும்புவீர்கள், உடன் வரும் வழிகாட்டி யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இணைக்க வேண்டியவை:

- எல்லாரின் பெயர், வயது, கைப்பேசி எண், அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வீட்டார் எண்
- ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல் (ஆதார் அல்லது வாக்காளர் அட்டை)
- பதினெட்டு வயதுக்குக் கீழ் யாராவது இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம்
- ஒரு மாற்றுத் தேதி

மாற்றுத் தேதிதான் முக்கியம். நான் முதலில் ஒரே தேதி போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் வடியாததால் அந்தத் தேதி வீணாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் உண்டா என்று அங்கேயே கேளுங்கள், கட்டினால் ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். எங்களுக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

பறவைப் படம் எடுக்கச் சாதாரணக் கேமரா கொண்டு போவதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். அது சரணாலயம், பக்கத்தில் ராக்கெட் தளம் வேறு.

5. எங்களுக்கு ஆன செலவு

ஆறு பேர் போனோம்: நான், கணவர், அம்மா, அலுவலகத் தோழிகள் இருவர், ஒருத்தியின் பத்து வயது மகள். புறநகர் ரயில் போகவர எல்லாருக்குமாக 120 ரூபாய். பொன்னேரியில் இரண்டு ஆட்டோ, காத்திருந்து திரும்பக் கொண்டுவிட ஒவ்வொன்றுக்கும் 1,400. வழிகாட்டிக்கு 1,500. காலைப் பலகாரம் 480. மொத்தம் 4,900, ஆளுக்கு 820 ரூபாய்கூட ஆகவில்லை. ஏற்பாட்டாளர் கேட்ட 2,200ஐ நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோக்காரரிடம் 'காத்திருப்பு உட்பட' என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டால் திரும்ப வண்டி கிடைப்பது கடினம். வழிகாட்டியிடம் பேரம் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அந்த நேரத்தில் அவர் கடலுக்கோ ஏரிக்கோ போயிருந்தால் கிடைக்கக்கூடிய வருமானத்தை விட்டுவிட்டுத்தான் நம்மோடு வருகிறார்.

6. போகும் வழி

சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில். ஐந்து மணிக்குள் ஏறிவிட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பொன்னேரி. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தடத்தில் பராமரிப்பு வேலைக்காக ரயில்களை ரத்து செய்வது உண்டு. முந்தைய நாள் தெற்கு ரயில்வேயின் அறிவிப்பைப் பார்க்காமல் தூங்கப் போகாதீர்கள். பழவேற்காடு ஊருக்குப் பொன்னேரியிலிருந்து பேருந்து கிடைக்கும். அண்ணாமலைச்சேரிக்கு விடியற்காலையில் பேருந்தை நம்ப வேண்டாம், ஆட்டோதான்.

கழிப்பறைத் தேவையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கரையில் எதுவும் இல்லை. ஒரு மரம்கூட மறைவுக்கு இல்லாத வெட்டவெளி அது. பெண்கள் இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், வெயிலில் அது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். எங்கள் வழிகாட்டியின் வீட்டில் கேட்டோம், மறுக்கவில்லை. முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் நிம்மதி.

7. காலில் என்ன போடுவது

விலை கூடிய மலையேற்றக் காலணி இங்கே சுமைதான். சேறு உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒரு கிலோ கூடிவிடும். ரப்பர் செருப்பு முதல் பத்து அடியிலேயே சேற்றோடு போய்விடும். வெறுங்காலில் நடக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். சேற்றுக்குள் சிப்பி ஓடுகள் கத்தி மாதிரி நிற்கும். பழைய கேன்வாஸ் ஷூ, பள்ளிக்கூடத்தில் போடும் வகை, நாடாவை இறுகக் கட்டினால் போதும். முழங்கால்வரை சாக்ஸ். சீக்கிரம் காயும் முழுக்காற்சட்டை, மண் நிறத்தில் சட்டை. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காயத்துக்குக் கட்டுத்துணி, மாற்று உடை. ஆறு பேருக்கு இரண்டு பைனாகுலர் இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

8. சேற்றில் நடப்பது

வழிகாட்டியின் கையில் ஒரு மூங்கில் கழி இருந்தது. இரண்டு அடிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்துக்கொண்டே போனார். அவர் கால் வைத்த இடத்தில்தான் நாங்களும் வைத்தோம். மேல்தோல் வெளுத்து வெடித்திருந்தால் கீழே கெட்டி. கறுத்து, மினுமினுவென்று இருந்தால் உள்வாங்கும். பசுமையாகப் பாசி படிந்த இடம் வழுக்கும்.

அம்மாவின் வலது கால் ஒரு இடத்தில் கெண்டைக்கால்வரை இறங்கிவிட்டது. பதற்றத்தில் நேராக மேலே இழுத்தார். இழுக்க இழுக்கச் சேறு உறிஞ்சிப் பிடித்தது, மற்ற காலும் இறங்கத் தொடங்கியது. வழிகாட்டி ஓடிவரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "அம்மா, இழுக்காதீங்க. குதிகால ஆட்டுங்க, மொதல்ல ஆட்டுங்க" என்றார். குதிகாலை இடம் வலமாக அசைத்ததும் பக்கவாட்டில் தண்ணீர் இறங்கும் 'களுக்' என்ற சத்தம். அப்புறம் விரல்களைக் கீழ்நோக்கி நீட்டி, கழியைப் பிடித்துக்கொண்டு சாய்வாக எடுத்தார். ஷூவோடு கால் வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும் முன்பே இதை எல்லாருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். நடக்கும்போதும் குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒரே சீராக வையுங்கள்.

கழிகள் நட்டு வலை கட்டியிருக்கும் இடங்களைக் கண்டால் சுற்றிப் போங்கள். இந்த ஏரியில் யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. முறை வைத்துத்தான் இடம் வரும். நாம் தெரியாமல் கலக்கிவிட்டுப் போனால் ஒரு குடும்பத்தின் முறை கெட்டுவிடும். கழுத்தளவு குனிந்து, பல்லில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் பார்க்கலாம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தோழியின் மகள் கிட்டே போய், "அக்கா, எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். பதிலுக்கு ஒருவர் அவள் கையைப் பிடித்து நீருக்குள் வைத்து, விரலருகே ஒன்று துள்ளுவதைத் தொட்டுக் காட்டினார். அது படத்தில் வராது.

9. எவ்வளவு கிட்டே போகலாம்

இதற்கு மீட்டர் கணக்கு வேண்டாம், பறவையே சொல்லும். பூநாரைகள் தலையைக் கீழே வைத்து இரை அரித்துக்கொண்டிருக்கும் வரை சரி. பைனாகுலரில் பாருங்கள், ஒரே இடத்தில் நின்று காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கிளறும். திடீரென்று பத்துத் தலை ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் நில்லுங்கள். எல்லாம் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், இருபது அடி பின்வாங்குங்கள். பறக்கும் படத்துக்காகக் கைதட்டி எழுப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய உடம்பு, நீர்மேல் ஓடி ஓடித்தான் எழும்ப முடியும். இரை தேடும் நேரத்தில் அப்படி ஓடவிடுவது கொடுமை.

நாங்கள் ஒரு மணல்திட்டில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பவளக்கால் உள்ளான்கள் எங்களுக்கு முன்னால் பதினைந்து அடியில் நடந்து போயின. ஆலாக்கள் தலைக்கு மேல் நின்று குத்திட்டுப் பாய்ந்தன. பூநாரைக் கூட்டம் தானாகவே எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. துரத்திப் போயிருந்தால் இவை எதுவும் கிடைத்திருக்காது.

10. திரும்பும்போது

பத்து மணிக்குள் கரையேறிவிடுங்கள். அதற்கு மேல் வெயிலும் கண்கூச்சமும் சேர்ந்து எதையும் பார்க்க விடாது. சிப்பி, இறகு, செடி எதையும் எடுத்து வரக் கூடாது, சரணாலயச் சட்டம் அப்படி. சேற்றுக் காலணியை ஊர்க்குழாயில் கழுவ வேண்டாம், கோடையில் அங்கே நல்ல தண்ணீர் அருமையானது. ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பார்த்த பறவைகளை அன்றைக்கே, பறவைக் கணக்கைப் பதியும் இ-பேர்ட் (eBird) தளத்தில் பதிந்துவிடுங்கள், மறுநாள் எண்ணிக்கை மறந்துவிடும். வழிகாட்டிக்குப் பணத்தைக் கையிலேயே கொடுத்து, அடுத்த ஆண்டு எப்போது கூப்பிடலாம் என்று கேட்டு வாருங்கள். எங்களவர் சொன்னது: "பொங்கல் முடிஞ்சு ஒரு போன் போடுங்கம்மா. தண்ணி எங்க நிக்குதுன்னு சொல்றேன்."